வெள்ளோட்டம்

போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஸ்ரீரங்கம் வரும்வரை போனில் ஒரே பக்கத்தைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். காவிரிப் பாலத்தில்கூட நிமிரவில்லை.

"என்னங்க பார்க்கறீங்க?" என்றேன்.

"மருந்து ஏத்துற மிஷினுக்கு அளவு கணக்கு போடுற கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி, யாரும் எடுத்துக்கலாம்னு நெட்டுல போட்டேங்க. இன்னும் சோதிக்கலைன்னு சொல்லத்தான் 'வெள்ளோட்டம்'னு பேரு வச்சேன். தமிழ் தெரியாதவங்க, அதையே முழுசுன்னு எடுத்துட்டாங்க. அதுல ஒரு தப்பு இருக்கு. திருத்தினதைப் போட்டும் பழசையே டவுன்லோட் பண்றாங்க, இந்தப் பக்கத்துல எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு."

"பழசை அழிச்சிடுங்களேன்."

"அதை நம்பி ஓடுற மிஷின் ஏதாச்சும் பாதியில நின்னுட்டா?"

"எங்கே ஓடுது?"

"தெரியலைங்களே." மறுபடி பக்கத்தை இழுத்தார்.

இன்று ஆஸ்பத்திரியில், அம்மாவின் கையில் மருந்து ஏற்றும் இயந்திரம் பச்சை விளக்கோடு முனகுகிறது.

"இதுக்குள்ள என்ன ஓடுது, சிஸ்டர்?"

"மருந்துதாங்க," என்றார் நர்ஸ்.