உச்சி வெயிலில் ஏறிய சுருதி

ஈர நாணலின் வாசம்... கிளாரினெட் பெட்டிக்குள் இருந்த பழைய வெல்வெட் துணியின் வாசம்... நெல்சன் அண்ணாவை நினைத்தால் முதலில் இவைதான் வரும். ஊத முன்னர் அந்த மெல்லிய நாணல் ரீட்டை வாயில் ஊறவைத்தபடியே எங்களோடு கதைப்பார்.

கற்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. அண்ணா கடலுக்குப் போவார், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பேண்டில் கிளாரினெட் வாசிப்பார். நான் பள்ளியில் ஏ.எல். வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் கோயிலுக்குப் புதிதாக ஒரு கீபோர்ட் வந்தது. வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

திருவிழா முடிந்த கையோடு அண்ணா இத்தாலிக்கு வேலைக்குப் போக இருந்தார். போக முன்னர், திருவிழாப் பூசையில் நற்கருணை நேரம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

திருவிழா அன்று விடியற்காலையில் கோயிலில் ஒத்திகை பார்த்தோம். யன்னல் எல்லாம் திறந்திருந்தது, கடற்காற்று குளிராக வந்தது. சுருதி அச்சொட்டாகச் சேர்ந்தது.

பூசை நேரம் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேலே தகரக் கூரை, உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் சனம். முதல் வரியிலேயே சுருதி பிரிந்தது. கிளாரினெட் ஒரு பக்கம், கீபோர்ட் ஒரு பக்கம். பெரிய வித்தியாசம் இல்லை, மயிரிழைதான். ஆனால் நீட்டிப் பிடித்த ஒவ்வொரு சுரமும் உரசி, நடுங்கி நடுங்கிக் கேட்டது. முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணா கேட்டார்.

"கீபோர்ட்ல எந்தப் பட்டன அமத்தின நீ?"

"நான் ஒண்டும் அமத்தல. காலையில இருந்தமாதிரியேதான் இருக்கு. நீங்கதான் ஏத்தி ஊதினீங்க."

"இவ்வளவு காலமா பேண்ட்ல ஊதுறன். ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல."

அதோடு கதை நின்றுபோனது. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலை.

பிறகு ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டே அம்மா மெல்லச் சொன்னார். "கிளாரினெட்ட பேண்டுக்கே குடுத்துட்டுப் போறானாம். தன்ட காது பழுதாப் போச்சு எண்டு நினைக்கிறான் போல."



அந்தக் கிழமை புத்தளத்தில் பௌதிக டியூஷனில் பரிவுக் குழாய் செய்முறை. தண்ணீருக்குள் ஒரு குழாயை நிறுத்தி, வாயருகே அதிரும் இசைக்கவையைப் பிடித்துக்கொண்டு, குழாயை மெல்ல உயர்த்த வேண்டும். ஒரு நீளம் வந்ததும் அறையே நிறைந்ததுபோல சத்தம் எழும்பும்! குழாயின் வாயில் காற்று நன்றாக ஆடும், தண்ணீர் மட்டத்தில் ஆடாது. அலை ஓடாமல் அதே இடத்தில் துடிக்கும். அதுதான் நின்ற அலை. அந்த அலை சரியாகப் பொருந்த, குழாய்க்கு அளவான நீளம் வேண்டும்.

கடைசியில் அறையின் வெப்பநிலையையும் எழுத வேண்டும். எப்போதும் யோசிக்காமல் எழுதிவிடுகிறவள் நான். அன்று பேனை அப்படியே நின்றுவிட்டது...

சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். கிளாரினெட்டும் ஒரு குழாய்தானே, அதன் நீளம் மாறாது. அப்படியென்றால் ஒரு நொடிக்குள் காற்று அதிரும் எண்ணிக்கை, அதாவது மீடிறன், கூடும், சுருதி ஏறும். கீபோர்ட்டுக்குள் காற்றும் இல்லை, குழாயும் இல்லை. அது ஏறாது. பேண்டிலோ எல்லாமே ஊதுகிற வாத்தியம். வெயிலில் எல்லாம் சேர்ந்தே ஏறினால் யாருக்கு விளங்கும்?

பேண்டில் ஊதிப் பழகியவர்கள் யாராவது இதை வாசித்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணா பயணப் பையில் சேட்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்களிலயும் பிழை இல்ல, என்னிலயும் பிழை இல்ல. கோயில் சூடுதான்."

டியூஷனில் விளங்கியதை நான் சொல்லி முடிக்கும்வரை மடித்த சேட்டைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"அப்ப... குழலக் கொஞ்சம் நீட்டினா இறங்கணுமே?"

"ஓம்!"

அடுத்த நாள் மத்தியானம் கோயிலுக்குப் போய், யன்னல்களைச் சாத்திவிட்டு வாசித்தோம். அதே நடுக்கம். அண்ணா வாய்ப்பகுதிக்குக் கீழே உள்ள துண்டை நகக்கண் அளவு வெளியே இழுத்தார். நடுக்கம் தளர்ந்தது. இன்னும் துளி இழுத்தார்... நின்றது. இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார், ஆனால் ஊதுவதை நிறுத்தவில்லை. திருவிழாவில் கெட்டுப்போன பாட்டை ஆரம்பத்திலிருந்து முழுசாக வாசித்தோம். முடிந்ததும் திரும்பினால், பின்கதவில் அம்மா.

"இதத்தான்டா அண்டைக்கும் கேக்க ஆசப்பட்டன்."

கிளாரினெட் அண்ணாவோடு பிளேன் ஏறியது.

இப்போது அவருடைய பிள்ளைகள் வீட்டில் இத்தாலியன்தான் கதைக்கிறார்கள். அங்கே குளிர்காலம் வந்தால் எனக்கு அண்ணாவின் வொய்ஸ் மெசேஜ் வரும். "இஞ்ச குளிருக்கு சுருதி இறங்கிப் போகுதுடி. சூடாக்கித்தான் ஊதணும்."

போன கிழமை வீடியோ கோலில் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். சுருதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாசிப்பது அவருக்குப் பிந்திப் போகிறது, அவர் ஊதுவது எனக்குப் பிந்தி வருகிறது. இரண்டு வரிக்கு மேல் முடியவில்லை. சிரித்துவிட்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது என்று முடிவெடுத்தோம்.

நேற்று அவருடைய முறை. கீபோர்ட்டை மூடிவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டேன்...