கம்பளியில் தைத்த பூப்போட்ட ஒட்டு

நான் வேலை செய்யும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர் பழைய கம்பளி ஒன்றை அன்பளித்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் தேயிலைச் சாற்று வாடை. விரித்தால், ஓரத்தில் என் சின்ன வயதுச் சட்டையிலிருந்து வெட்டித் தைத்த பூப்போட்ட ஒட்டு!

ஓப்பநாயக்க தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருந்தபோது, மழையில் கொழுந்தெடுக்க அம்மா தலையில் போட்டுக்கொண்ட கம்பளி அது. ஒருநாள் கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"பழசக் குடு புள்ள, தொர புதுசு தருவாரு."

"ஏங்க கங்காணி, இந்தக் கிழிசல தொரையா போத்திக்கப் போறாரு?"

அம்மா சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். புதுசு வரவேயில்லை. அந்த மழைக்காலம் முழுக்க உரப்பையைப் போர்த்திக்கொண்டு மலையேறினாள்.

படிவத்தில், 'அன்பளிப்பதன் காரணம்' என்ற இடத்தில் 'தொழிலாளர் மீதுள்ள மதிப்பு' என்றிருந்தது. மதிப்பா, கண்ணாடிப் பெட்டியில் தன் பெயரைப் பார்க்கும் ஆசையா? 'பயன்படுத்தியவர்' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கைநாட்டு வைக்கும் அம்மாவின் முழுப் பெயரை அங்கே எழுதினேன்.