மெமரிக்கும் எண்ணெய் போட்டவர்

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வேகம் ஒத்துப்போனதே இல்லை. நான் ஒரு கறியை இறக்கி மற்றதை அடுப்பில் ஏற்றும்வரை அவர் அதே வெங்காயத்தை உரித்துக்கொண்டிருப்பார். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகொன்றின் எஞ்சின் அறையில் அவருக்கு வேலை. பெரிய கப்பலை அவசரப்பட்டு இழுக்க ஏலாது என்பார். "வெங்காயம் என்ன கப்பலோ?" என்று கேட்பேன்.

நான் வீட்டிலிருந்தபடி கலியாண அல்பம் செய்து கொடுக்கிறேன். அண்மையில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கும் பெண்ணொருத்திக்குக் கலியாணம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் கனடாவுக்குப் பயணம். போகமுன் அல்பத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தாய்க்கு இவள் ஒரே பிள்ளை. வெள்ளி பின்னேரம் பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். என் கணினியோ வியாழன் முழுக்கப் படத்துக்குப் படம் உறைந்து நின்றது. மெமரி போதவில்லை.

வெள்ளி காலை டவுன் கடைக்கு ஓடிப்போய் இன்னொரு மெமரித் துண்டு வாங்கி வந்தேன். பழையதின் வேகத்தில் அங்கே இருக்கவில்லை. இது அதைவிட வேகமானது. கணினிப் பெட்டியைத் திறந்து, தூசு தட்டுவதற்காகப் பழையதையும் கழற்றி, இரண்டையும் மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குசினியில் சோறு பொங்கி வழிந்தது. அதை இறக்கிவிட்டு வந்து இரண்டையும் அவசரமாகச் செருகி மின் ஆளியைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வந்தது.

கடைக்காரத் தம்பிக்கு போன் எடுத்துப் பொரிந்து தள்ளினேன். "வேகம் ஒத்துவராத சாமானை என்ர தலையில கட்டிப்போட்டீரே!"

"அப்பிடி இல்லை அக்கா. வேகமானது தன்ர வேகத்தைக் குறைச்சுக்கொண்டு பழசோட சேர்ந்து ஓடும். ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ."

பழையதை மட்டும் போட்டுப் பார்த்தேன். நேற்றுவரை ஓடிய அதுவும் பீப் என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்வது? துண்டைக் கழற்றி முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். தேங்காய் எண்ணெய் மணத்தது.

திரும்பிப் பார்த்தேன். நான் குசினியில் நின்ற நேரம் வேலை முடிந்து வந்திருந்த மனிசன், எண்ணெய்ப் போத்தலோடு வாசலில் நின்றார்.

"இதுக்கு எண்ணெய் போட்டனீங்களோ?"

"ஓம். மேசையில கிடந்தது. உப்புக் காத்தெல்லே, களிம்பு பிடிச்சிரும் எண்டு லேசாப் பூசினனான். ரெண்டுக்கும்."

எனக்கு ஆத்திரம் மூக்கு நுனியில். ஆனால் ஏதோ நல்ல காரியம் செய்த முகத்தோடு அவர் நின்ற நிலையைப் பார்த்ததும், ஏச வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டேன். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் அவரிடமே நீட்டினேன்.

"நீங்களே துடையுங்கோ."

துடைத்தார். தன் வேகத்தில், துண்டுகளின் ஓரத்திலிருந்த ஒவ்வொரு பொன்நிறப் பல்லாக, பிறகு செருகும் இடத்தையும். பறித்துத் துடைக்கத் துடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தேன். எல்லாம் காய்ந்தபின் ஆளியைப் போட்டோம். திரை வெளித்தது. இரண்டு மெமரியும் பழையதின் வேகத்தில் ஓடின.

"புதுசு இவ்வளவுதான் ஓடுமோ?"

"பழசோட சேர்ந்தா இவ்வளவுதான்."

"பாவம்," என்றார்.

"ஒரு பாவமுமில்லை. நேற்று மாதிரி நிக்காமல் ஓடுதே!"

அல்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிறு காலை அந்தப் பெண்ணை வழியனுப்பப் போனேன். அவளை ஏற்றிய வான் போன பிறகு தாய் அல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி கேற்றைச் சாத்தினார். அது துருவேறி, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கிறீச்சிட்டது.

வீட்டுக்கு வந்து எங்கள் கேற்றைத் திறந்தேன். சத்தமே இல்லை. அதே இரும்பு, அதே உப்புக் காற்று. கலியாணம் கட்டி வந்த நாள்முதல் நான் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. நல்ல கேற் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறை சாத்தி, மறுபடி திறந்து பார்த்தேன்.

குசினியில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்குச் சமையல் பிந்தட்டும்.