கோவளத்தில் தட்டிப் பார்த்த படகு

கல்யாணத்துக்குப் போகிற எங்கள் வேன் கோவளத்தில் டீக்கு நிற்கிறது. மணலில் ஒரு மரப்படகு கவிழ்ந்து கிடக்கிறது. அடிப்பாகம் முழுக்கப் புதிதாக ஃபைபர் உறை ஒட்டி, நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சாயங்காலம் கடலில் இறக்கப் போகிறார்களாம்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தாம்பரத்தில் நான் கல் ஒட்டிய வெளிச்சுவர் எதிலும் இன்றுவரை ஒரு கல் விழுந்ததில்லை. என் கை சும்மா இருக்குமா? வீட்டுச் சாவியால் படகைத் தட்டுகிறேன். ஓரிடத்தில் கெட்டியாகக் கேட்கிறது. பக்கத்திலேயே காலி டப்பா சத்தம்.

"இன்னா சார், கதவா தட்டுற?" என்கிறார் படகுக்காரரின் மனைவி ஸ்டெல்லா.

"உள்ள காத்து நிக்குதும்மா, ஒட்டல. தண்ணி பூந்தா உரிஞ்சிடும். செவுத்துல இப்படிக் கேட்டா அன்னிக்கே பேத்துடுவேன்."

"செவுத்துல கல்லு வுழும் சார். இதுல என் வூட்டுக்காரரு இல்ல போவாரு!"

சாவியைப் பிடுங்கிக்கொள்கிறார். படகில் காதை வைத்து, சாண் சாணாகத் தட்டி, டப்பா சத்தம் கேட்கிற இடத்திலெல்லாம் செங்கல் துண்டால் வட்டம் போடுகிறார். மூன்று வட்டம் ஆகிவிட்டது.

"எல்லா போட்டும் சாயங்காலம் எறங்குது, ஸ்டெல்லா" என்று கணவர் கெஞ்சுகிறார்.

"எறங்கட்டும். நீ உளிய எடுத்துனு வா."

வேன் ஹாரன் அடிக்கிறது. சாவியைக் கேட்கிறேன்.

"இன்னும் அந்தப் பக்கம் கீது சார்."

வேனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் அந்தப் பக்கம் போகிறேன்.