இறக்கையில் பெயர் எழுதியவருக்கு...

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். இந்த வயதில்! அதுவும் என் வாசகர் ஒருவரின் சட்டையை...

பழங்காநத்தத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் காஜா பாயைப் பற்றி மூன்று வாரம் முன் இதே பக்கத்தில் எழுதினேன், நினைவிருக்கிறதா? பட்டறைக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஒற்றை ஆள் விமானம் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டிருப்பவர். ஆறு வருட உழைப்பு. எழுதியதோடு விட்டேனா? தெருப் பெயரையும் போட்டேன். புத்தி!

அந்த இறக்கை தகரமில்லை. மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. அதன்மேல் 'டோப்' என்கிற ஒருவகை வார்னிஷ் ஐந்து பூச்சு — துணி விறைத்து நிற்க. பிறகு அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு — நம் ஊர் வெயில் துணியை இற்றுப்போக வைக்காமல் இருக்க. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் தேய்க்க வேண்டும். வெள்ளை பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பாயும் அவர் மனைவியுமாக இரண்டு மாதம் பூசினார்கள். பத்து நாளில் மெட்ராஸிலிருந்து சோதனை அதிகாரி வருவதாக இருந்தது.

ஞாயிறு நான் போனபோது ஷெட்டில் ஒரே கூட்டம். கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் இறக்கை ஓரமாகக் குனிந்து... ஐந்து பைசா நாணயத்தின் முனையால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார்! இனிஷியல் முடிந்து, பெயரில் பாதி ஆகியிருந்தது. அழுத்தி எழுதுகிற கை போலிருக்கிறது. வெள்ளை போய், வெள்ளி போய், துணியின் நூல் அறுந்து தெரிந்தது.

சட்டையைப் பிடித்தது அப்போதுதான்.

"கையை எடுங்க சார்! ஒங்க பத்தியப் படிச்சிட்டுத்தான் குடும்பத்தோட வந்தோம். மேலாக்க ஒரு கோட் அடிச்சா மறைஞ்சிரும். இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?"

"விடுங்கண்ணே" என்று பாய் என் கையை விலக்கினார். பிறகு அவரிடம் சொன்னார்: "மேலாக்க அடிச்சா நிக்காது சார். சுத்தி ஒரு முழத்துக்குச் சொரண்டி எடுத்து, ஒட்டுத்துணி போட்டு, மொதல்ல இருந்து பூசணும். அப்படியே விட்டா மேல போறப்ப காத்து புகுந்து கிழிச்சிரும். உள்ள ஒக்காந்திருக்கப் போறது நான்."

அந்த ஆளின் மனைவிதான் "மன்னிச்சிருங்கண்ணே" என்றார். அவர்? நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

எதைத்தான் விட்டுவைத்தோம்? மலைக் குகை, கோயில் தூண், பஸ் சீட்... படிக்காதவர் யாரும் பெயர் கிறுக்குவதில்லை, கவனித்தீர்களா? எழுதக் கற்றுக்கொடுத்தோம். எங்கே எழுதக்கூடாது என்று கற்றுக்கொடுத்தோமா?

பாய் மறுநாளே சுரண்டத் தொடங்கிவிட்டார். அதிகாரிக்கு 'இப்போது வர வேண்டாம்' என்று தந்தி போயிருக்கிறது. இனி அவர் எப்போது வருவாரோ...

"ஒங்க மேல கோவமில்லண்ணே" என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா இனிமே என்னையப் பத்தி எழுதாதீக."

சரி என்றேன். இன்று ஒரே ஒரு முறை அதை மீறுகிறேன், உங்களிடம் இதைச் சொல்ல — யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஷெட்டுக்குப் பூட்டு போட்டாயிற்று.

எனக்கும் சேர்த்துத்தான்.