அல் ஐன் வீட்டுத் தரைக்குச் சூடு வைத்த கதை

வளைகுடாவில் தரைக்குச் சூடு வைக்கும் தொழில் செய்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் சிரித்து முடிக்கும்வரை சும்மா நிற்க வேண்டும். ஏசி, லிஃப்ட் என்று எதையாவது விளக்கிச் சொல்லி வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

அம்மா போட்ட நிபந்தனை

பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று சொல்லிவிட்டு, ஷார்ஜாவில் ராஜா அண்ணன் கம்பெனியில் சேர்ந்தேன். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் எப்படி வளைந்து போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. முதன்முதலாக ஒரு முழு வீட்டை என்னை நம்பிக் கொடுத்தார். அல் ஐனில் அபு சயீத் என்பவர் கட்டும் புது வில்லா. அஜ்மானில் எங்கள் ஃப்ளாட்டில் அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "வெளிய செருப்பில்லாம கால் வைக்க முடியல, இதுல தரைக்குச் சூடாம்! அந்த வீட்டுத் தரை மட்டும் சுடலைன்னா, நீ கோயம்புத்தூர் காலேஜ்லதான் இருப்ப."

வெளியே நிற்கும் பெட்டி

அபு சயீதுக்குக் குளிர்காலத்தில் முழங்கால் வலி. அதற்காகத்தான் இவ்வளவும். தரைக்குழாய்க்கு வெந்நீர் தரும் ஹீட் பம்ப், பார்க்க ஏசியின் வெளிப்பெட்டி மாதிரியே இருக்கும். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து, குழாயில் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும். குளிர்ந்த காற்றிலும் கொஞ்சம் சூடு உண்டு. என் ஹிந்தியில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ! பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "வெளியில சூடு இருந்தா நான் ஏன் பேட்டா உன்னைக் கூப்பிடறேன்?"

கார்பெட் மேல் கார்பெட்

ஒருநாள் ராஜா அண்ணனும் நானும் அவருடைய பழைய வீட்டுக்குப் போனோம். விருந்தாளிகளோடு தரையில் உட்காரும் மஜ்லிஸ் அறை. சுவரோரம் முழுக்க மெத்தை, நடுவில் கார்பெட் மேல் கார்பெட். புது வீட்டிலும் இதேதான் என்றார். குழாயில் வருவது இளஞ்சூட்டுத் தண்ணீர். அத்தனை கம்பளத்தைத் தாண்டி மேலே வராது. நானோ மெத்தைக்கடியில்கூட குழாய் வரைந்து வைத்திருந்தேன். உடனே சொல்லிவிட்டேன், கார்பெட் வேணுமா சூடு வேணுமா, ரெண்டும் சேர்ந்து மாஃபி, கிடையவே கிடையாது என்று.

ராஜா அண்ணன் வாயில் போட்ட பேரீச்சம்பழத்தை மெல்லவில்லை. அபு சயீத் கார்பெட்டைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், சரி என்றார். மெத்தைக்கடிக் குழாயை எடுத்துவிட்டு, கால் நீட்டும் நடுத்தரையில் நெருக்கிப் போடுவதாகச் சொன்னேன். காரில் ஏறியதும் திருநெல்வேலிக்கார அண்ணன் வாயைத் திறந்தார்: "ஏ பிள்ள, சூடேறுனா தானா அணைக்க ஒன் வாய்க்கு ஒரு தெர்மோஸ்டாட் வச்சா என்னன்னு யோசிக்கேன்."

சில்லென்ற தரை

வீடு முடிந்து, ஒரு டிசம்பரில் ஸ்விட்ச் போட்டோம். சிமென்ட் தரை மெதுவாகத்தான் சூடேறும். எனக்குத் தெரியும்; என் கைக்குத் தெரியவில்லை. சாயங்காலம்வரை தரையில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். சில்லென்றே இருந்தது. அபு சயீத் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அஜ்மான் திரும்பும் வழியெல்லாம் கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாப்பாட்டு நினைப்புதான்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். எடுக்கவே பயம். "பேட்டா, பழைய கார்பெட்டை எடுத்துட்டுப் போக என் தம்பியைப் புது வீட்டுக்கு வரச் சொன்னேன். சும்மா ஒரு நிமிஷம்னு தரையில படுத்தான். இப்ப கார்பெட்டும் போகல, அவனும் போகல!"

ஒரு நிமிஷம் காத்திருக்கத் தெரியாத நான், சூடேற ஒரு ராத்திரி எடுக்கும் தரையை நம்பித்தான் இனிப் பிழைக்க வேண்டும்; கோயம்புத்தூர் என்னிடமிருந்து தப்பித்தது.