கேட்கப்படாத சம்மதம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். முதுமாணி ஆய்வுக்கு எடுத்த விஷயத்தை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் கைதிகளை விடுவிக்க நடந்த பேச்சுவார்த்தைகளை, அப்பாவுக்கு விளங்கப்படுத்துவது சுலபமாக இருக்கவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"ஜெர்மன்காரர் தோத்துப்போச்சினம். பிறகு அவையளோடை என்ன பேச்சுவார்த்தை?"

சொன்னேன். போர் முடிந்து சில வருடங்களிலேயே மேற்கு நாடுகளுக்குச் சோவியத் பயம் பிடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனியும் படை தரவேண்டும் என்றார்கள். 'எங்கள் ஆட்களைப் போர்க்குற்றவாளிகள் என்று சிறையில் வைத்துக்கொண்டு எங்களிடமே சிப்பாய் கேட்கிறீர்களா?' என்றது ஜெர்மன் தரப்பு. பல நாடுகளில் தண்டனைகள் குறைந்தன. போரில் நோர்வேயைப் பிடித்து ஆண்டு, பிறகு நோர்வேச் சிறைகளில் இருந்த ஜெர்மன்காரரும் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

"அப்ப, ஆமிக்கு ஆள் தேவையெண்டவுடனை குற்றம் சின்னதாப் போச்சு."

"அப்பிடிச் சுருக்கமாச் சொல்லேலாது அப்பா."

அவர் அடுத்த மீனை எடுத்தார். இலங்கையில் அப்போது போர்நிறுத்தம். நோர்வே நடுவில் நின்று இரு தரப்பையும் பேச வைத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது நான் பிறப்பதற்கு முன்; பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாணவர்கள் நாங்கள் எங்கள் ஆய்வுகளைப் பற்றிப் பொது நூலகமொன்றில் பேசினோம். அப்பாவும் கோட் போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தார். அன்றைய நிலையில் அந்த விடுதலைகள் தவிர்க்க முடியாதவை என்று சொல்லி முடித்தேன்.

நரைத்த தலையுடன் ஒரு நோர்வேஜியப் பெண் எழுந்தார். "என் அப்பாவைச் சித்திரவதை செய்தவன் இங்கேதான் சிறையில் இருந்தான். அவனை விட்டுவிட்டார்கள் என்று அம்மா பத்திரிகையில்தான் படித்தார். அவரிடம் யாராவது கேட்டார்களா?"

"நான் படித்த ஆவணங்களில் அப்படி எதுவும் இல்லை," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கோப்பி நேரத்தில் பார்த்தால், அப்பா அந்தப் பெண்ணோடு நின்றார். வேலைக்கு வெளியே நோர்வேஜியரோடு வலியப் போய்க் கதைக்கிறவர் அல்ல அவர்.

"உங்கள் அம்மா பிறகு என்ன செய்தார்?" என்று தன் உடைந்த நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"எங்களை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிக்கவேண்டாம் என்றார். நான் படித்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை."

அப்பா கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்றார்.

தமிழில் அவர் தம்பியை ஒருநாளும், இல்லாமல் போனவன் போல, 'இருந்தான்' என்று சொன்னதில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "அப்ப பேச்சுவார்த்தை வேண்டாமோ அப்பா?"

"வேணும். சண்டை நிக்கவேணும். ஆனா ஆளை விடேக்கை எங்களிட்டையும் ஒரு சொல்லுக் கேக்கவேணும்."

"கேட்டாச் சம்மதிப்பியளோ?"

"தெரியாது பிள்ளை. ஆரும் கேட்டாத்தானே யோசிக்கலாம்."

அந்தப் பெண்ணைப் பிறகு அவருடைய வீட்டிலேயே போய்ச் சந்தித்தேன். தாயைப் பற்றிச் சொன்னதை எல்லாம் ஒலிப்பதிவு செய்ய விட்டார். ராஜதந்திர வரலாற்றில் இது எங்கே பொருந்தும் என்று என் பேராசிரியர் முகம் சுளித்தார்; கடைசியில் ஒரு சிறிய அத்தியாயத்துக்கு இணங்கினார். 'தவிர்க்க முடியாதவை' என்ற சொல்லை நான் எடுத்துவிட்டேன்.

ஆய்வுத் தேர்வில், அந்த விடுதலைகள் பிழையா என்று நேராகவே கேட்டார்கள். ஜெர்மனி பிறகு நல்ல அயலவனானது உண்மை, அந்தத் தாய் பத்திரிகையில் படித்து அறிந்ததும் உண்மை, இரண்டில் ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒருவர் அதைப் பதில் இல்லை என்றார். மற்றவர் என்னை அடுத்த கேள்விக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்தியடைந்தேன், சுமாரான புள்ளிகளோடு.